இருட்டில் ஒரு ஸ்டேக்

பெரிய ஹோட்டலில் ஸ்டேக், அதாவது தடிமனாக வெட்டிச் சுட்ட மாட்டிறைச்சித் துண்டு, சாப்பிடப் போனால் முதல் சோதனை கண்ணுக்குத்தான். மேஜைமேல் ஒரே ஒரு மெழுகுவத்தி. மெனுவைப் படிக்க போன் டார்ச்சை அடித்தால், பக்கத்து மேஜைக்காரர் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.

அப்புறம் சர்வர் பிரசங்கம். இந்த மாடு புல் தின்றதாம், அது தானியம் தின்றதாம், இந்தத் துண்டு 28 நாள் குளிர் அறையில் தொங்கியதாம். ஐயா, பசியில் நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன், அது தெரியவில்லையா?

மீடியம் ரேர், அதாவது அரைவேக்காடாக, கேட்டேன். உள்ளே 55 டிகிரி சொச்சம், நடுவில் இளஞ்சூடான சிவப்பு, அவ்வளவுதானே? 'நடுவில் வெட்டிப் பாருங்கள் சார்' என்று தலைக்கு மேலே நிற்கிறார். இந்த இருட்டில் சிவப்பு எது, பழுப்பு எது? மறுபடியும் டார்ச். செருப்புத் தோல் நிறம்!

தட்டில் இறைச்சி மட்டும் அனாதையாகக் கிடக்கிறது. உருளைக்கிழங்குக்குத் தனிக் காசு, கீரைக்குத் தனிக் காசு, மூன்று ஸ்பூன் மிளகு சாஸுக்கும் தனிக் காசு. கத்திக்கு வாடகை கேட்காததுதான் பாக்கி. உப்பு மட்டும் ஓசி. அதற்கும் ஒரு கதை சொன்னார்.

கடைசியில் பில். அதைப் படிக்க மட்டும் எங்கிருந்தோ ஒரு குட்டி விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள்.