அடித்துவிட்ட ஒரு சொல்

தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போர் முடிந்தபோது கையெழுத்தான சரணடைவுப் பத்திரத்தின் படம் இணையத்தில் கிடைக்கிறது. தேடிப் பாருங்கள். 1982 ஜூன் 14 தேதியிட்ட ஒரே ஒரு தாள். டைப்ரைட்டரில் அடித்தது. தீவுகளில் இருக்கும் அர்ஜென்டினப் படைகள் அனைத்தின் தளபதியாகிய நான் சரணடைகிறேன் என்று போகும் வாக்கியத்தில், 'நிபந்தனையின்றி' என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்திருப்பார்கள். அதன் மேலேயே அர்ஜென்டினத் தளபதி மெனெண்டெஸின் கிறுக்கல்.

அதே வாக்கியத்தில் கொஞ்சம் தள்ளி, யாரிடம் சரணடைகிறார் என்று இருக்கும். மேஜர் ஜெனரல் ஜே.ஜே. மூர், சி.பி., ஓ.பி.இ., எம்.சி., பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம். அந்த நட்சத்திரம் அச்சுப்பிழை இல்லை. எழுத்துகள் எல்லாம் பட்டங்களும் பதக்கங்களும். எம்.சி. என்ற மிலிட்டரி கிராஸ் வீரப்பதக்கத்தை ஒருவர் இரண்டாம் முறை வாங்கினால் இப்படிப் போடுவது பிரிட்டிஷ் வழக்கம். ஜெரமி மூர் என்கிற ராயல் மரைன் அதிகாரியின் 35 வருட உத்தியோகம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. எனக்கு அந்த எழுத்துகளைவிட அடித்த சொல்தான் பெரிதாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மூர் 1928-ல் பிறந்தவர், 1947-ல் ராயல் மரைனில் சேர்ந்தவர். அது கடற்படையின் கீழ் வரும் தரைப்போர்ப் படை. கப்பலில் போய் கரையில் இறங்கிச் சண்டை போடுகிறவர்கள். முதல் எம்.சி. மலாயாவில் கிடைத்தது. மலாயா என்றதும் நமக்கு உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். 1948 ஜூனில் அங்கே அவசரநிலை அறிவித்த வெள்ளைக்கார அரசு, மறு வருடமே தொழிற்சங்கத் தலைவர் கணபதியைத் தூக்கில் போட்டது. காட்டில் ஆயுதமேந்தி நின்ற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று ஐந்து லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலும் சீனக் குடியானவர்களை, முள்வேலி போட்ட 'புதிய கிராமங்களுக்கு' பெயர்த்துக்கொண்டு போனது. நம்மவர்கள் பால் வெட்டிக்கொண்டிருந்த ரப்பர் தோட்டங்களை ஒட்டிய காடுகளில் துப்பாக்கியோடு திரிந்த இளம் அதிகாரிகளில் ஒருவர்தான் மூர். அந்தப் பதக்கத்தை நான் கொண்டாடப் போவதில்லை. ஆள் சுத்தமாக ஏகாதிபத்தியத்தின் படைவீரர். அதை ஒத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

நட்சத்திரத்தின் கதை லிம்பாங். 1962 டிசம்பர் 8 அன்று புருனேயில் கிளர்ச்சி வெடித்தது. பக்கத்தில், அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த சரவாக்கைச் சேர்ந்த ஆற்றோர ஊரான லிம்பாங்கைக் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்து, அங்கிருந்த பிரிட்டிஷ் நிர்வாக அதிகாரி ரிச்சர்ட் மோரிஸ், அவர் மனைவி உள்ளிட்டோரைப் பிணைக்கைதிகளாக வைத்தார்கள். மீட்கும் வேலை 42 கமாண்டோ என்ற ராயல் மரைன் படைப்பிரிவின் எல் கம்பெனிக்கு வந்தது. கேப்டன் மூர் தலைவர். கூட வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. போர்ப் படகு கிடையாது. சரக்கு ஏற்றும் தட்டைப் படகுகள் இரண்டைப் பிடித்தார்கள். ஓட்டியது கடற்படை ஆட்கள். அவர்களுக்குத் தலைமை ஜெரமி பிளாக். (இருபது வருடம் கழித்து ஃபாக்லாந்தில் இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் கேப்டன் இதே பிளாக். சின்ன உலகம்.)

இரவெல்லாம் ஆற்றில் வந்து, டிசம்பர் 12 விடியும் நேரத்தில் ஊரை நெருங்கினார்கள். மலாய் மொழியில் ஒலிபெருக்கி வழியாகச் சரணடையச் சொன்னார்கள். பதில் துப்பாக்கியால் வந்தது. கைதிகள் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள் என்பது மூருக்குத் தெரியாது. போலீஸ் ஸ்டேஷன்தான் எதிரியின் தலைமையிடமாக இருக்கும் என்று ஊகித்து அதை நோக்கிப் போனார். கைதிகளோ மருத்துவமனையில். சண்டையில் படகை ஓட்டியவருக்கே காயம். படகு நினைத்த இடத்தை விட்டு வேறு இடத்தில் கரை தட்டியது, அது மருத்துவமனைக்குப் பக்கம். உள்ளே இருந்த மோரிஸுக்கு ஒரே பயம், மீட்க வந்தவனே சுட்டுவிடுவானோ என்று. அதனால் உரக்கப் பாட்டுப் பாடினார்கள். ஆங்கிலப் பாட்டு கேட்டால் சுடமாட்டான் அல்லவா! அப்படித்தான் பிழைத்தார்கள். மரைன்கள் ஐந்து பேர் அங்கேயே செத்தார்கள்.

இதை ராணுவப் பாடம் எடுப்பவர்கள் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். சரி, துணிச்சல்தான். எனக்குப் படுவது வேறு. முப்பத்து நான்கு வயதில் அந்த மனுஷன் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார்: நாம் போட்ட கணக்கு ஒன்று, கரையில் இருப்பது ஒன்று, நடுவில் ஆட்கள் சாகிறார்கள்.

அந்த வரியில் இருந்த ஓ.பி.இ. பட்டம் வட அயர்லாந்துக்காக. 1972-ல் அதே 42 கமாண்டோவுக்குத் தலைமை வகித்து அங்கே போனார். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. அதன்பிறகு வந்த வேலைதான் வேடிக்கை. டீல் என்ற கடலோர ஊரில் ராயல் மரைன் இசைப்பள்ளிக்குக் கமாண்டன்ட்! நம்மூரில் இதைத் தண்டனை மாறுதல் என்போம். ஆனால் அந்த பாண்டு வாத்தியக்காரர்கள் சண்டை வந்தால் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போகிறவர்கள். 1982-ல் கான்பெரா கப்பலில் காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்கியது அவர்கள்தான்.

அப்புறம் பிரிகேட் தலைமை, மேஜர் ஜெனரல் பதவி. 1982-ல் ஓய்வு பெறும் நேரம் நெருங்கியிருந்தது. ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா ஃபாக்லாந்தைப் பிடித்தது. மீட்கப் போன தரைப்படைக்குத் தளபதியானவர் மூர்.

மூரைப் பற்றி நண்பர்கள் வட்டத்தில் பேசினாலே ஒரு குற்றச்சாட்டு வரும். போரை நடத்தியது அவருக்குக் கீழே ஒரு பிரிகேடுக்குத் தலைவராக இருந்த பிரிகேடியர் ஜூலியன் தாம்சன், மூர் கடைசியில் வந்து போட்டோவுக்கு நின்றவர் என்று. பாதி உண்மை. மே 21 அன்று தீவின் சான் கார்லோஸ் கரையில் படையை இறக்கியது தாம்சன். கூஸ் கிரீன் என்ற ஊரில் நடந்த முதல் பெரிய தரைச்சண்டையும் மூர் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. மூர் அப்போது குயின் எலிசபெத் 2 என்ற சொகுசுக் கப்பலில். செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வேலை செய்யாததால் நாள்கணக்கில் எந்தச் செய்தியும் சரியாக எட்டாத நிலை. தளபதி, நடுக்கடல், டெலிபோன் டெட். கரை சேர்ந்தது மே 30. அந்த இடைவெளியில் லண்டனுக்குப் பக்கத்து நார்த்வுட் தலைமையகம் தாம்சனை நேரடியாகக் குடைந்துகொண்டே இருந்தது, ஏன் இன்னும் நகரவில்லை என்று.

மூர் வந்ததும் அந்தக் குடைச்சலைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். சண்டை போடுகிறவர்கள் சண்டையைப் பார்க்க முடிந்தது. மேலதிகாரி என்பவர் ஒரு கூரை மாதிரி என்று நினைக்கிறவன் நான். ஒழுகாத கூரை கிடைப்பது அபூர்வம். இவர் கூரையும் ஒழுகியது. ஜூன் 8 அன்று ஃபிட்ஸ்ராயில், பட்டப்பகலில் ஆட்கள் இறங்காமல் நின்ற சர் கலஹாட் கப்பல் குண்டுவீச்சில் எரிந்தது. வெல்ஷ் கார்ட்ஸ் படைப்பிரிவு வீரர்கள் மட்டும் 32 பேர் செத்தார்கள். ஐந்தாம் பிரிகேடின் அவசரமும் குழப்பமான உத்தரவுகளும் காரணம் என்று அடுக்கலாம். அந்த பிரிகேடும் மூரின் கீழ்தான் இருந்தது. அதை அவர் கணக்கில் எழுதாமல் தாம்சனின் வெற்றிகளை மட்டும் எழுதினால் நியாயமில்லை.

சரி, ஜூன் 14. முந்தின இரவு டம்பிள்டவுன், வயர்லெஸ் ரிட்ஜ் மலைகள் விழுந்துவிட்டன. அர்ஜென்டினப் படை தீவுகளின் தலைநகரான ஸ்டான்லி ஊருக்குள் ஒதுங்கியது. ஊரில் பொதுமக்கள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் பீரங்கிகளில் பலவற்றுக்குக் குண்டு தீரும் நிலை. வெளியே பனி கொட்டுகிறது. அந்த இரவில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய மூர், மெனெண்டெஸ் முன்னால் தாளை வைக்கிறார். மெனெண்டெஸுக்கு 'நிபந்தனையின்றி' மட்டும் ஒப்பவில்லை. மூர் அடிக்கச் சம்மதித்தார்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு டிரைவர். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், மேற்பார்வையாளரிடம் கைநீட்டியதற்காக சஸ்பெண்ட் ஆனவர். மன்னிப்புக் கடிதத்தை டைப் அடித்தது நான். 'நிபந்தனையற்ற மன்னிப்பு கோருகிறேன்' என்று போடச் சொல்லி மேலே உத்தரவு. அவர் படித்துப் பார்த்துவிட்டு, "தப்பு பண்ணிட்டேன், மன்னிப்பும் கேக்குறேன். இந்த ஒரு வார்த்தை எதுக்கு சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நாலு மாதம் ஓடியது. வீட்டில் அடகு வைக்க ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. பிறகு மாறுதலில் வந்த புது மேலாளர் கடிதத்தை வாங்கி, பேனாவை எடுத்து அந்தச் சொல்லை ஒரே கோடாக அடித்து, "இப்போ போடுவீங்களா?" என்றார். போட்டார். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

அங்கே போனது நாலு மாதச் சம்பளம். ஸ்டான்லியில் இன்னொரு இரவு சண்டை நடந்திருந்தால் எத்தனை பேரோ. அந்தப் போரில் அதற்குள் 649 அர்ஜென்டினரும் 255 பிரிட்டிஷாரும் செத்திருந்தார்கள், தீவுப் பெண்கள் மூன்று பேரும். மெனெண்டெஸ் கொடுத்தது ஆயுதம், தளவாடம், ஆட்கள், எல்லாமே. அந்தச் சொல் இருந்திருந்தாலும் கூடுதலாக ஒரு ரைஃபிள் கிடைத்திருக்காது. இத்தனைக்கும் லண்டனில் லேசில் விட்டுக்கொடுக்காத மார்கரெட் தாட்சர் பிரதமர்! அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கும் துணிச்சல், லிம்பாங் ஆற்றில் படகு விட்ட துணிச்சலுக்குக் குறைந்ததில்லை என்பது என் கட்சி. நண்பர்கள் சண்டைக்கு வரலாம்.

பத்திரத்தில் நேரம் கிரீன்விச் கணக்கில் இரவு 23.59 என்று போட்டார்கள், ஸ்டான்லியில் 8.59. கையெழுத்து முடிந்ததும் மூர் போனது தீவுக்காரர்கள் அடைக்கலமாகியிருந்த வெஸ்ட் ஸ்டோர் என்ற கடைக்கு. இவ்வளவு நேரமானதற்கு மன்னியுங்கள் என்கிற தோரணையில்தான் பேச்சையே ஆரம்பித்தார். அவர்கள் ஆரவாரம் செய்தார்கள். பிறகு லண்டனுக்குச் செய்தி போனது. அதில் தீவுகள் மறுபடி 'அங்கு வாழ்பவர்கள் விரும்பும் அரசின்' கீழ் வந்துவிட்டன என்று எழுதினார். மலாயாவில் அப்படி யாரையும் கேட்டார்களா என்று நான் கேட்பேன், அது வேறு பஞ்சாயத்து.

அடுத்த தலைவலி, குளிரில் நின்ற ஆயிரக்கணக்கான கைதிகள். கான்பெரா மட்டும் 4,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போய் அர்ஜென்டினாவின் புவேர்ட்டோ மாட்ரினில் இறக்கியது.

மூருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1983-ல் ஓய்வு, 2007-ல் மரணம். நடுவில் கொஞ்ச காலம் உணவு உற்பத்தியாளர்கள் கூட்டமைப்பு ஒன்றின் தலைமை நிர்வாகியாக இருந்தார், பிஸ்கட், ஜாம் கம்பெனிக்காரர்களோடு.