பாம்பு தானாக வந்து கடிக்கவில்லை என்பதை எப்படி நிரூபித்தார்கள்?

மனைவி இறந்து கணவன் கைதாகும் ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் இரண்டு கமென்ட் தவறாமல் வரும். "பார்த்த சாட்சியே இல்லை, கேஸ் நிக்காது" என்பது ஒன்று. "ரூமுக்குள்ள அவன் மட்டும்தானே இருந்தான், அவன்தான் பதில் சொல்லணும்" என்பது இன்னொன்று. இரண்டும் பாதி தப்பு. சந்தர்ப்ப சாட்சியத்தில், அதாவது நேரில் பார்த்தவர் இல்லாமல் சுற்றியுள்ள சூழ்நிலைகளை மட்டும் வைத்து, ஒரு கொலை வழக்கு எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்று பார்க்க கேரளத்தின் கொல்லம் உத்ரா வழக்கைவிட நல்ல பாடம் சமீபத்தில் இல்லை.

சுருக்கமாக நடந்தது இது. 2020 மே 7 காலை, கொல்லம் மாவட்டம் அஞ்சலில் தாய்வீட்டில் படுத்திருந்த 25 வயதுப் பெண் உத்ரா எழுந்திருக்கவில்லை. அறைக்குள் நல்ல பாம்பு ஒன்று இருந்தது. வீட்டார் அதை அடித்துக் கொன்று புதைத்தார்கள். கணவனும் இரவு அதே அறையில்தான் படுத்திருந்தான். அதற்கு முன் மார்ச் 2 அன்று, அடூர் பக்கம் கணவன் வீட்டில் அதே பெண்ணைக் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறுவதற்காகத் தாய்வீடு வந்த இடத்தில்தான் இரண்டாவது கடி.

அறைக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. மரணத்துக்குக் காரணம் பாம்பு விஷம் என்பதில் சண்டையும் இல்லை. எதிர்த்தரப்புக்கு ஒரே வாதம் போதும்: பாம்பு தானாக வந்தது, கடித்தது. இதை லேசான வாதம் என்று நினைத்துவிடாதீர்கள். 2000 முதல் 2019 வரையிலான மரணங்களை வைத்துச் செய்த ஆய்வின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள். நம் நாட்டில் பாம்பு கடித்து ஒருவர் இறந்தார் என்பதைவிட இயல்பான விளக்கம் ஒரு மரணத்துக்குக் கிடைப்பது கஷ்டம். அந்த இயல்பான விளக்கத்தை உடைப்பதுதான் அரசுத் தரப்பின் முழு வேலையும்.

அதை உடைத்த விதத்தில்தான் இந்த வழக்கின் சுவாரசியம் இருக்கிறது. கணவன் கெட்டவன், 98 பவுன் நகைக்கு ஆசைப்பட்டான் என்பதோடு போலீஸ் நின்றிருந்தால் கேஸ் நோக்கத்தோடு முடிந்திருக்கும். நோக்கம் என்பது சாட்சியச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். அதை மட்டும் வைத்து யாரையும் உள்ளே போட முடியாது. இவர்கள் பாம்பிடம் போனார்கள். புதைத்த பாம்பைத் தோண்டி எடுத்துப் போஸ்ட்மார்ட்டம் செய்தார்கள். நீளம் 152 செ.மீ. அந்த அளவு நல்ல பாம்பு இயல்பாகக் கடித்தால் இரண்டு விஷப்பற்களின் தடங்களுக்கு நடுவே சுமார் 1.7 செ.மீ. இடைவெளி இருக்கும். பெண்ணின் கையில் இருந்த இரண்டு கடிகளில் இடைவெளி 2.3, 2.8 செ.மீ. ஒரே பாம்பு, ஒரே இரவு, இரண்டு கடி, இரண்டுமே இயல்பைவிட அகலம், அதுவும் ஒன்றுக்கொன்று வேறு அகலம்.

ஏன் அகலும்? பாம்பின் தலையைப் பின்னாலிருந்து பிடித்து அழுத்தினால் தாடை விரியும், பற்கள் விலகும். இதைச் சோதிக்க அரிப்பாவில் உள்ள வனத்துறைப் பயிற்சி நிலையத்தில் பொம்மை ஒன்றைப் படுக்கவைத்து, கையில் கோழிக்கறியைக் கட்டி, உயிருள்ள நல்ல பாம்பைவிட்டுக் கடிக்கவைத்தார்கள். பாம்பு தானாகக் கடித்தபோது இடைவெளி குறுகல். தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்கவைத்தபோது 2 செ.மீ.யைத் தாண்டியது.

ஊடகங்கள் இந்தப் பொம்மைச் சோதனையைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடின. என் அபிப்பிராயத்தில் தனியாக நிறுத்தினால் அது பலவீனமான சாட்சியம். கோழிக்கறி மனிதத் தோல் ஆகாது, செத்த உடம்பில் தோல் இழுபடும், எத்தனை பாம்பை வைத்து எத்தனை முறை சோதித்தீர்கள் என்று குறுக்கு விசாரணையில் குடையலாம். குடையவும் வேண்டும். அது நின்றதற்குக் காரணம் பக்கத்தில் இருந்த மற்ற கண்ணிகள். விசராவில் (பரிசோதனைக்கு எடுத்த உள்ளுறுப்புகளில்) தூக்கம் வரவைக்கும் செட்டிரிசின் மருந்து இருந்தது. நல்ல பாம்பு இரண்டு முறை கடித்தும் ஏன் அந்தப் பெண் வலியில் எழுந்து கத்தவில்லை என்ற கேள்விக்கு அது பதில். இரண்டே மாத இடைவெளியில் ஒரே ஆளை, இரண்டு வெவ்வேறு ஊர்களில், இரண்டு வெவ்வேறு இனப் பாம்புகள், இரண்டு முறையும் கணவன் பக்கத்தில் இருக்கும்போது கடித்தன என்பதைத் தற்செயல் என்று சொல்லச் சொல்ல அந்த வாதம் மெலிந்துகொண்டே போகும்.

அடுத்து பாம்பு பிடிப்பவர். விரியனை 10,000 ரூபாய்க்கும், நல்ல பாம்பை 7,000 ரூபாய்க்கும் விற்றதாகச் சொல்லி அப்ரூவர் ஆனவர் அவர், அதாவது குற்றத்தில் பங்கு இருந்தும் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியானவர். அப்ரூவர் சாட்சியத்தை அப்படியே விழுங்க முடியாது. தன் கழுத்தைக் காப்பாற்ற அடுத்தவன் கழுத்தைக் காட்டுகிறவர் என்பதால், முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரம் துணைக்கு வர வேண்டும். இங்கே இருவருக்கும் இடையிலான போன் அழைப்புகளும், கணவனின் போனில் பாம்பு பற்றி இணையத்தில் தேடியிருந்த தடங்களும் வந்தன. இந்த இடத்தில்தான் பல கேஸ் சாகிறது. மின்னணுப் பதிவுக்கு, அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது, 2020 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மறுபடி உறுதி செய்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தில் இப்போது அது பிரிவு 63. சான்றிதழ் இல்லாத சிடிஆர் (போன் அழைப்பு விவரம்) கட்டு எத்தனை கிலோ இருந்தாலும் காகிதம்தான்.

மீட்பு சாட்சியத்தில் இன்னொரு பொறி. போலீஸ் காவலில் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அதை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாக ஒட்டிய பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 27. உதாரணத்துக்கு, "இன்ன இடத்தில் பிளாஸ்டிக் ஜாரைப் போட்டேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்" என்பது உள்ளே வரும். "அதில்தான் பாம்பைக் கொண்டுவந்தேன்" என்பது வராது. பிரிட்டிஷ் காலத்தில் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் போட்ட கோடு, இன்றும் அதுதான். நம் ஊர் கேஸ்களில் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் மகஜர் (கைப்பற்றும்போது எழுதும் பதிவு) சாட்சி, வாக்குமூலமும் அவர்கள் முன்னிலையில், மீட்பும் அவர்கள் முன்னிலையில், எல்லாம் ஒரே மதியத்தில் என்று ஒரு அச்சு இருக்கிறது. குறுக்கு விசாரணையில் முதலில் உதிர்வது அந்த அச்சுதான்.

சரி, எந்த அளவுகோலை வைத்து இதையெல்லாம் எடைபோடுகிறார்கள்? 1984 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பு. அதுவும் கணவர் மேல் கொலை வழக்குதான். புனேயில் 1982 ஜூனில், கல்யாணமாகி நான்கே மாதத்தில் மனைவி பொட்டாசியம் சயனைடால் இறந்தார். செசன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தது, பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அமர்வில் இருந்த மூவரில் ஒருவர் ஜோலார்பேட்டைக்காரரான நீதிபதி ஏ. வரதராஜன் என்பது கூடுதல் தகவல்.

கணவரின் நடத்தை சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது, உறவில் கசப்பு இருந்தது, மனைவி எழுதிய கடிதங்களே அதற்குச் சாட்சி. அப்படியும் ஏன் விட்டார்கள்? அதே கடிதங்கள் அந்தப் பெண் மனமொடிந்து கிடந்ததையும் காட்டின; தற்கொலை என்ற வழி அடைபடவில்லை. விஷக் கொலை என்றால் அந்த விஷம் குற்றவாளியின் கைவசம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். சயனைடு அவரிடம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. விசாரணையின் முடிவில் குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி கேட்கும் பிரிவு 313 கேள்விகளில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்; இப்போது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 351) பல சந்தர்ப்பங்களை முன்வைக்கவே இல்லை. கேட்காததை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று மொத்தமாகத் தள்ளினார்கள். ஒவ்வொரு சந்தர்ப்பமும் தனித்தனியே முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும், எல்லாம் சேர்ந்து குற்றம் என்ற ஒரே முடிவை மட்டும் காட்ட வேண்டும், நிரபராதியாக இருக்கலாம் என்ற நியாயமான வழி ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. "செய்திருக்கலாம்" என்பது போதாது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புனேயில் விஷம் கைக்கு வந்த வழி தெரியவில்லை. கொல்லத்தில் விஷம் வந்த வழிக்கு விற்றவரே சாட்சி, விலையோடு. புனேயில் இன்னொரு விளக்கம் உயிரோடு இருந்தது. கொல்லத்தில் அதை ஸ்கேல் வைத்து அளந்து மூடினார்கள்.

இப்போது இரண்டாவது கமென்ட். "அவன்தானே பதில் சொல்லணும்" என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவது சாட்சியச் சட்டத்தின் பழைய பிரிவு 106, புதியது 109: ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை நிரூபிக்கும் சுமை அவருடையது. 1956-லேயே சம்பு நாத் மெஹ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, அரசுத் தரப்பு தன் சுமையை இறக்கிவைக்கும் இடம் இது அல்ல என்று. அடிப்படைச் சந்தர்ப்பங்களை அவர்கள் நிறுவிய பிறகுதான் கணவன் வாய் திறக்க வேண்டிய கட்டம் வரும். அப்போது பொய் விளக்கம் கொடுத்தால் அது கூடுதல் கண்ணி. மகாராஷ்டிரத்தின் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் (2006) நடந்தது அதுதான். மனைவி பாம்பு கடித்து இறந்தார் என்று கணவன் தரப்பு சொன்னது, போஸ்ட்மார்ட்டம் கழுத்து நெரிக்கப்பட்டதைக் காட்டியது. தண்டனை நின்றது. சங்கிலி ஏற்கெனவே இருந்தால் பொய் அதை இறுக்கும். சங்கிலியே இல்லாத இடத்தில் பொய்யை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது; பயத்தில் பொய் சொல்லும் நிரபராதியும் உண்டு.

உத்ரா வழக்கில் 2021 அக்டோபர் 11 அன்று கொல்லம் கூடுதல் செசன்ஸ் நீதிபதி எம். மனோஜ் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார். 13-ஆம் தேதி தண்டனை: விஷம் கொடுத்ததற்கு 10 ஆண்டு, தடயத்தை அழித்ததற்கு 7 ஆண்டு, கொலைக்கும் கொலை முயற்சிக்கும் ஆயுள். பத்திரிகைகள் "இரட்டை ஆயுள்" என்று போட்டதைப் பார்த்து ஒன்று முடிந்து இன்னொன்று என்று பலர் எழுதினார்கள். அப்படி முடியாது. ஆயுள் தண்டனைகளை அடுத்தடுத்து அனுபவிக்கவைக்க முடியாது, ஆண்டுக் கணக்குத் தண்டனைகளை முதலில் முடித்துவிட்டு ஆயுளைத் தொடங்கலாம் என்று 2016-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு முத்துராமலிங்கம் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது தமிழ்நாட்டு வழக்கு. இங்கே 17 ஆண்டு முதலில், ஆயுள் பிறகு என்று வந்தது அந்தக் கணக்கில்தான்.

இந்த வழக்கும் முதலில் சந்தேக மரணமாகத்தான் பதிவானது. பெற்றோர் ரூரல் எஸ்.பி.யிடம் போன பிறகே திசை மாறியது. அதனால் சந்தேகம் உள்ள குடும்பங்களுக்குச் சில விஷயம். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை கேளுங்கள், வாக்குமூலத்தில் சந்தேகத்துக்கான காரணத்தைத் தேதியோடு சொல்லுங்கள். போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் உடலை வாங்காதீர்கள். விசரா எடுத்தார்களா, காயத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுத்தார்களா என்று அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். எரித்த பிறகு அளக்க எதுவும் இருக்காது. இறந்தவரின் போனை ரீசெட் செய்யாமல், சார்ஜ் போட்டுத் திறந்து பார்க்காமல், அப்படியே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடவில்லையென்றால் புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் நகரவில்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 175(3)-இல் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அந்தத் தபால் ரசீதும் உங்கள் அஃபிடவிட்டும் மனுவோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் மனுவைத் திருப்பிவிடுவார்கள்.