செகண்ட் சர்வீஸைப் பார்த்துவிட்டுப் பேசலாம்

"இகாவுக்குப் புல்தரை ஒத்தே வராது."

2025 ஜூன் கடைசியில் எங்கள் டென்னிஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் இப்படி எழுதினார். யாரும் மறுக்கவில்லை. நானும் கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். ஜூலை 12, சனிக்கிழமை இரவு, 57 நிமிடத்தில் அமண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று வீழ்த்தி போலந்தின் இகா ஸ்வியாடெக், புல்தரையில் நடக்கும் விம்பிள்டனின் சாம்பியன் ஆனார். விம்பிள்டன் பெண்கள் இறுதியில் இப்படி ஒரு ஸ்கோர் அதற்கு முன் வந்தது 1911-இல்.

அன்றிரவு அதே குழுவில் பேச்சு மாறியது. "அனிசிமோவாவுக்கு மனசுல தெம்பே இல்லப்பா." அதற்கும் வரிசையாகக் கட்டைவிரல்கள். இந்த முறை நான் போடவில்லை. 2023-இல் மனம் சோர்ந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி ஆட்டத்தை விட்டு மாதக்கணக்கில் விலகியிருந்தவர் அவர். 2024-இல் விம்பிள்டன் தகுதிச் சுற்றிலேயே தோற்றவர். அடுத்த வருடமே அரையிறுதியில் உலகின் நம்பர் ஒன் சபலென்காவை வீழ்த்தி சென்டர் கோர்ட் இறுதிக்கு வந்து நிற்கிறார். அவரைப் பார்த்துத் தெம்பில்லை என்று எழுத நமக்கு எத்தனை நொடி ஆனது?

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். சர்வீஸ், மனோபாவம், புல்தரை ஆட்டம். விம்பிள்டன் நடக்கும் ஜூன், ஜூலையில் நாம் எல்லோரும் மார்க் போடுவது இந்த மூன்றுக்கும்தான். மூன்றையும் தப்பான இடத்தில் பார்த்து மார்க் போடுகிறோம் என்பது என் எண்ணம்.

புல்லில் இருந்தே தொடங்குகிறேன். இகாவுக்குப் புல் வராது என்று சொன்ன நமக்கு அவர் 2018-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர் என்பது ஞாபகத்தில் இல்லை. காலண்டரையும் நாம் பார்க்கவில்லை. பாரிஸில் களிமண் தரையில் நடக்கும் ரோலாண்ட் காரோஸ் (பிரெஞ்சு ஓபன்) இறுதிக்கும் விம்பிள்டன் தொடக்கத்துக்கும் நடுவே இப்போது மூன்று வாரம். 2015-க்கு முன்பு இரண்டே வாரம். களிமண்ணில் கடைசி நாள் வரை ஆடி ஜெயிப்பவர்களுக்குத்தான் புல்லில் பழக நேரம் குறைவு. 2024-இல் பாரிஸில் பட்டம் வென்ற இகா, புல்லில் ஒரு முன்னோட்டப் போட்டிகூட ஆடாமல் லண்டன் போனார், மூன்றாவது சுற்றில் புடின்ட்சேவாவிடம் தோற்றார். 2025-இல் பாரிஸ் அரையிறுதியிலேயே தோல்வி. அந்தத் தோல்வி கொடுத்த நாட்களில் மயோர்காவில் புல்லில் பயிற்சி எடுத்தார், பிறகு பாட் ஹோம்பர்க் போட்டியில் இறுதி வரை போனார். புல்லில் கால் வைக்கும் விதமே வேறு. களிமண் போல சறுக்கி நிறுத்த முடியாது. சின்னச் சின்ன அடியாக வைத்து, முட்டியை மடக்கிக் குனிய வேண்டும். அது உடம்பில் ஊற நாள் வேண்டும். வருடத்தில் ஐந்தாறு வாரம் மட்டுமே கிடைக்கும் தரையில் ஒருவரின் தலையெழுத்தையே எழுதிவிடுகிறோம்.

இன்னொன்று, நம் தலையில் இருக்கும் புல் பழைய புல். 2001 வாக்கில் விம்பிள்டனில் விதையையே மாற்றினார்கள். அதுவரை 70 சதவீதம் ரை புல், 30 சதவீதம் ஃபெஸ்கியூ என்ற இன்னொரு புல். அதற்குப் பிறகு முழுக்க ரை. 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிய, கெட்டியான தரை. பந்து முன்பைவிட ஒழுங்காக எழும்புகிறது. நம்பாதவர்கள் தொண்ணூறுகளில், சாம்ப்ராஸ் காலத்து இறுதிப் போட்டி ஒன்றையும் இப்போதைய இறுதிப் போட்டி ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பந்தைப் பார்க்க வேண்டாம், தரையைப் பாருங்கள். அன்று பேஸ்லைனிலிருந்து (கோர்ட்டின் பின்கோடு) நெட்டை நோக்கி ஒற்றையடிப் பாதை போலப் புல் தேய்ந்து கிடக்கும், சர்வீஸ் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிய தடம் அது. இன்று நெட் பக்கம் பச்சை கலையாமல் இருக்கிறது, பேஸ்லைன் மட்டும் மொட்டையாகிப் பழுப்பாகிவிடுகிறது. 2002-லேயே ஹெவிட்டும் நல்பாண்டியனும் இறுதியில் பின்னால் நின்றே ஆடி முடித்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் "பெரிய சர்வீஸ் இருந்தா புல்லு, இல்லன்னா இல்ல" என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

இனி சர்வீஸ். டிவியில் வேகம் வரும், ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வீஸ்) எண்ணிக்கை வரும். நாம் அந்த இரண்டை வைத்தே பேசுகிறோம். ஆண்டி ராடிக்கை "சர்வீஸ் மட்டும்தான், வேறொண்ணும் கிடையாது" என்று ஓரங்கட்டியது ஞாபகம் இருக்கிறதா? 2009 விம்பிள்டன் இறுதிப் போட்டி, 5-7, 7-6, 7-6, 3-6, 16-14. அதில் ஃபெடரர் போட்ட ஏஸ் 50, ராடிக் 27. வேகத்துக்குப் பேர்போன ராடிக்கைவிட ஃபெடரருக்கு ஏஸ் அதிகம். ஆனால் ராடிக்கின் சர்வீஸை அன்று ஃபெடரரால் உடைக்க (அதாவது ராடிக் சர்வீஸ் போடும் கேமை ஜெயிக்க) முடிந்தது ஒரே ஒரு முறை, ஆட்டத்தின் கடைசி கேமில். அதற்கு முன் 37 கேம்களைத் தொடர்ச்சியாகக் காப்பாற்றியிருந்தார் ராடிக். ஏஸ் கணக்கில் பின்னால் இருந்த மனிதர் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக சர்வீஸை விட்டுக்கொடுக்கவே இல்லை. அதை வேகமானி காட்டாது.

2019 விம்பிள்டன் இறுதியைப் பற்றிப் பேசினால் இன்னும் வலிக்கும். ஃபெடரர் 25 ஏஸ், ஜோகோவிச் 10. மொத்தப் புள்ளிகளிலும் ஃபெடரர் முன்னால், 218-க்கு 204. ஐந்தாவது செட் 8-7, 40-15, கையில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட் (ஒன்றை எடுத்தாலே பட்டம்), சர்வீஸும் அவருடையது. செட் சமநிலையானால் முடிவு செய்யும் டை-பிரேக் மூன்றையும், அதோடு பட்டத்தையும் ஜோகோவிச் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த இரவைப் பற்றி நான் இன்னும் நிதானமாக எழுத முடியாது, விட்டுவிடுகிறேன்.

நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று. ஸ்கோர் 30-40, சர்வீஸ் போடுபவர் இந்தப் புள்ளியை விட்டால் கேமே போய்விடும். முதல் சர்வீஸ் நெட்டில் விழுந்துவிட்டது, இன்னும் ஒரு வாய்ப்புதான் மிச்சம். இப்போது வரும் செகண்ட் சர்வீஸைப் பாருங்கள். சர்வீஸின் தரமும், மனசின் தரமும், தரையைப் புரிந்துகொண்ட தரமும் அந்த ஒரு பந்தில் தெரியும்.

நான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆடுகிறவன். எங்கள் கோர்ட் சாதாரண மண் கோர்ட். அங்கேயே அந்தப் பந்தின் கனம் தெரியும். முதல் பந்து வெளியே போனதும் வலது கை தானாகச் சுருங்கும். டாஸ், அதாவது அடிக்க மேலே தூக்கிப் போடும் பந்து, வழக்கத்தைவிட ஒரு சாண் தாழ்வாகப் போகும். மட்டையை வீசுவதற்குப் பதிலாகப் பந்தைத் தள்ளுவோம், உள்ளே விழுந்தால் போதும் என்று. தள்ளிய பந்துதான் நெட்டில் விழும். எங்கள் பயிற்சியாளர் சொல்லிச் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது: செகண்ட் சர்வீஸில் பந்தின் வேகம்தான் குறைய வேண்டும், மட்டையின் வேகம் குறையக் கூடாது. கீழிருந்து மேலாக உரசி, முழு வீச்சில் சுழற்ற வேண்டும். அந்தச் சுழற்சிதான் நெட்டுக்கு மேலே உயரமாகப் போகும் பந்தைக் கோட்டுக்குள் இழுத்து இறக்குகிறது. பயம் வந்த நேரத்தில் இன்னும் வேகமாகக் கையை வீச வேண்டும். உடம்பு சொல்வதற்கு நேர் எதிரான வேலை. சாம்ப்ராஸின் செகண்ட் சர்வீஸை இன்றும் பெரியவர்கள் கும்பிடுவது இதற்காகத்தான்.

புல்லில் இதற்கு இன்னொரு கணக்கு உண்டு. களிமண்ணில், மேல்நோக்கிச் சுழற்றிப் போடும் கிக் சர்வீஸ் தோளுக்கு மேலே எகிறும், எதிராளி பின்னால் தள்ளப்படுவார். புல்லில் அதே கிக் அவ்வளவு எகிறாது, இடுப்பு உயரத்தில் அடிக்க வாகாகப் போய் நிற்கும். பக்கவாட்டில் சுழற்றி ஸ்லைஸ் போட்டால் பந்து தரையோடு வழுக்கிக்கொண்டு விலகி ஓடும். ஆகவே புல்லில் நன்றாக ஆடுகிறாரா என்று தெரிய வேண்டுமானால் மணிக்கு 220 கிலோமீட்டர் பந்தைப் பார்ப்பதைவிட 150-இல் வரும் பந்து எங்கே விழுகிறது, எதிராளி எந்த உயரத்தில் அதைத் தொடுகிறார் என்று பார்த்தால் போதும்.

சபலென்காவை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 தொடக்கத்தில் அடிலெய்டில் டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளி போவது) மேல் டபுள் ஃபால்ட். வேறு வழியில்லாமல் இடுப்புக்குக் கீழிருந்து அண்டர்ஆர்ம் சர்வீஸ் போட்டார், கோர்ட்டிலேயே கண்ணீர் விட்டார். "மென்டல் வீக்" என்று அன்று எழுதாதவர்கள் குறைவு. பிறகு உடலசைவை ஆராயும் நிபுணர் ஒருவருடன் உட்கார்ந்து சர்வீஸ் அசைவையே திருத்திக் கட்டினார். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் பட்டம். உளவியல் நிபுணரிடம் போவதை அதற்கு முன்பே நிறுத்திவிட்டதாக அவரே சொன்னார். நாம் மனசின் கோளாறு என்று தீர்ப்பு எழுதியதில் பெரும்பகுதி கையின் கோளாறு.

மனோபாவத்தை நாம் முகத்தில் தேடுகிறோம், அதுதான் பிரச்சினை. அதிலும் பெண்களின் முகத்தில். 2022 விம்பிள்டன் இறுதியில் எலெனா ரிபாக்கினா முதல் செட்டை இழந்து, ஓன்ஸ் ஜபேரிடமிருந்து ஆட்டத்தைப் பிடுங்கி 3-6, 6-2, 6-2 என்று ஜெயித்தார். கடைசிப் புள்ளி முடிந்ததும் விழுந்து புரளவில்லை, கத்தவில்லை, அமைதியாக நெட்டுக்கு நடந்து வந்தார். "என்ன பொண்ணு இது, மூஞ்சியில ஒரு சந்தோஷம் இல்ல" என்று என் வீட்டு ஹாலிலேயே கேட்டது. அதே அமைதியை அந்தக் காலத்து ஸ்வீடன் வீரர் பியோர்ன் போர்க்கிடம் பார்த்தபோது ஐஸ் என்று கொண்டாடினோம். அன்று பத்திரிகையாளர் சந்திப்பில் பெற்றோரைப் பற்றி ஒரு கேள்வி வந்ததும் ரிபாக்கினா அழுதுவிட்டார். அத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் இரண்டு வாரம் ஆடியிருக்கிறார்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கோரான் இவானிசெவிச் 2000-இல் பிரைட்டனில் தன் மட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து, ஆட வேறு மட்டை இல்லாமல் போட்டியையே விட்டுக்கொடுக்க நேர்ந்தவர். 1992, 1994, 1998 மூன்று விம்பிள்டன் இறுதிகளிலும் தோற்றவர். 2001-இல் தரவரிசையில் 125-ஆவது இடம், வைல்ட் கார்டு என்ற சிறப்பு அனுமதி கொடுத்து உள்ளே விட்டார்கள். மனோபாவத்துக்கு மார்க் போட்டிருந்தால் அவருக்கு யார் பாஸ் மார்க் கொடுத்திருப்பார்கள்? திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போன இறுதியில் ராஃப்டருக்கு எதிராக ஐந்தாவது செட், சாம்பியன்ஷிப் பாயிண்ட், டபுள் ஃபால்ட். உலகமே பார்க்க, வாழ்நாள் பயம் அத்தனையும் கையில் இறங்கிய நிமிடம். அப்போதும் அவர் பந்தைத் தள்ளவில்லை, வீசித்தான் போட்டார். நான்காவது சாம்பியன்ஷிப் பாயிண்டில் ராஃப்டரின் ரிட்டர்ன் நெட்டில் விழுந்தது, 9-7.

நம்மூர்க்காரர்களைச் சொல்லாமல் விட மனமில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். 1960, 1961 இரண்டு வருடமும் ஆண்கள் பிரிவில் அரையிறுதி. தோற்றது நீல் ஃப்ரேசரிடமும் ராட் லேவரிடமும், அந்தந்த வருடத்துச் சாம்பியன்கள். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தினார். இதெல்லாம் அந்தப் பழைய, வழுக்கும் புல்லில். அவர் சர்வீஸ் மென்மையானது. மகன் ரமேஷ் கிருஷ்ணனுடையது அதைவிட மென்மை என்பார்கள். அவரும் 1979-இல் ஜூனியர் சாம்பியன், 1986-இல் காலிறுதி. 1987-இல் சிட்னியில், ஆஸ்திரேலியாவின் சொந்தப் புல்லில், நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பை அரையிறுதியின் தீர்மானிக்கும் ஆட்டத்தில் வாலி மாசரை வீழ்த்தி இந்தியாவை இறுதிக்குக் கொண்டு போனார்.

எங்கள் கோர்ட்டுக்குக் காலையில் நடக்க வரும் பெரியவர் ஒருவர், மெட்ராஸில் ரமேஷ் ஆடுவதை நேரில் பார்த்தவர். "சார், அவ்ளோ மெதுவான சர்வீஸ வெச்சுக்கிட்டு புல்லுல எப்படி சார்?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் என் மட்டையை வாங்கிக்கொண்டார். கையை மெல்லத் தூக்கி, பந்தில்லாமல் ஒரு சர்வீஸ் அசைவு காட்டினார்.

"பந்து மெதுவாத்தான் தம்பி வரும். ஆனா எதிர்ல நிக்கிறவன் அவன் நெனச்ச எடத்துல அத அடிச்சதே இல்ல. இவரு அடுத்த பந்துக்கு முன்னாடியே அங்க போய் நின்னுருப்பாரு."

மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்கப் போய்விட்டார்.