துருவப் பாடம் பிளஃப் கரையிலிருந்து தொடங்கட்டும்

டர்பனில் நம் பிள்ளைகளுக்குத் துருவப் பகுதிகளைப் பற்றி நடத்தப்படும் நிகழ்ச்சிகளில், ஒரே பனிப்பாறையின்மேல் பென்குவினும் வெண்கரடியும் சேர்ந்து நிற்கும் படத்தை இன்னும் பார்க்க முடிகிறது. வெண்கரடி ஆர்க்டிக்கில் வாழ்வது; அன்டார்க்டிகாவில் அது கிடையாது. இந்தப் பிழையைத் திருத்துவது எளிது. அன்டார்க்டிகா நமக்குச் சம்பந்தமில்லாத தூரதேசம் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வீடு திரும்புவதுதான் என்னை வருத்துகிறது.

ஜூன் முதல் நவம்பர் வரை நம் கரையோரமாகக் கடந்துசெல்லும் கூன்முதுகுத் திமிங்கலங்கள், கோடையில் அன்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரை வயிறாரத் தின்று, உடலில் சேர்ந்த அந்தக் கொழுப்பைக் கொண்டே மொசாம்பிக் பக்கத்து வெதுவெதுப்பான கடலுக்குக் குட்டி ஈன வருகின்றன. குளிர்காலத்தில் கிரில் குஞ்சுகள் கடற்பனியின் அடிப்புறம் வளரும் பாசியைத் தின்றே பிழைக்கின்றன. ஆகவே அங்கே பனி குறைந்தால் அதன் பாதிப்பு இந்தத் திமிங்கலங்களையும் எட்டும். இதைக் கரையில் நின்று திமிங்கலங்களை எண்ணியபடியே கற்பிக்கலாம். டர்பன் கடலோரத்துப் பிளஃப் பகுதியில் 1975 வரை திமிங்கல வேட்டை நிலையம் இயங்கியது. அந்நாளில் பிளஃபிலும் அதன் அருகிலுள்ள மேர்பேங்கிலும் வளர்ந்த நம் பெரியவர்களை வகுப்புக்கு அழைத்துப் பேச வைத்தால், எந்தக் காணொளியும் தராத பாடம் கிடைக்கும்.

அன்டார்க்டிகாவை அமைதிக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கிய 1959ஆம் ஆண்டு அன்டார்க்டிக் ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா முதலில் கையெழுத்திட்ட 12 நாடுகளுள் ஒன்று என்பதும், 1915இல் அன்டார்க்டிகா அருகே மூழ்கிய, துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பலை 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்த குழு நம் நாட்டின் எஸ்.ஏ. அகுலாஸ் 2 கப்பலில்தான் சென்றது என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதே கப்பல்தான் கேப்டவுனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் அன்டார்க்டிகாவில் உள்ள நம் நாட்டின் சனாயே 4 ஆய்வு நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுசெல்கிறது. அங்கே குளிர்காலம் முழுவதும் தங்குபவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமல்லர். மருத்துவரும் டீசல் மெக்கானிக்கும் உண்டு. சாட்ஸ்வொர்த்தில் தொழிற்கல்வி படிக்கும் ஒரு பிள்ளையிடம் இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா? அங்கே தங்கித் திரும்பிய ஒருவரைப் பள்ளிக்கு அழைப்பது பெரிய செலவல்ல.

ஆண்டுக்கொரு நாள் படம் காட்டிவிட்டு முடிப்பதற்குப் பதிலாக, திமிங்கலங்கள் வரத் தொடங்கும் ஜூனில் ஒரு பாடமும், கப்பல் புறப்படவிருக்கும் ஆண்டிறுதியில் இன்னொன்றும் வைக்குமாறு பள்ளிக் குழுக்களில் இருக்கும் பெற்றோர் கேட்க வேண்டும்.