கண்ணீர் அஞ்சலி ஒட்ட இங்கே யாரும் சாகவில்லை

அந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நேற்று ராத்திரிக்குள் ஆறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த போஸ்டர் என்று உங்களுக்குத் தெரியும், செய்தது யார் என்றும் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். கறுப்பு பார்டர், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் நம்ம பெங்களூர் பேண்ட் பசங்க மூன்று பேர் படத்துக்கு மாலை. ‘தோற்றம்’ என்று அவர்களுடைய முதல் பாட்டு வந்த நாள், ‘மறைவு’ என்று போன சனிக்கிழமைத் தேதி. எலக்ட்ரானிக் இசை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கு மேடையில் மெலடிக் பிளாக் மெட்டல், அதாவது வேகமான கிட்டாரும் டிரம்ஸும் அலறலும் நடுவே மெலடியும் கலந்த மெட்டல் இசை வாசித்தார்கள், அதுதான் அவர்கள் செய்த குற்றம்.

பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். பாதியில் எழுந்து போங்கள். காசு கொடுத்து வந்தவருக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் உயிரோடு மேடையில் நின்று வேர்த்து விறுவிறுத்து வாசிக்கிறவனுக்கு மாலை போடுகிற உரிமையை யார் கொடுத்தது?

நான் அன்றைக்கு இந்திராநகர் கச்சேரியில் சவுண்ட் மிக்ஸர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டு ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஒரு பத்துப் பதினைந்து பேர் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, பழைய பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், அதைப் போனில் படமும் எடுத்துக்கொண்டார்கள். சிந்த், அதாவது சிந்தசைசர் கீபோர்டு வாசிக்கிற பையன் ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்த்தான், அப்புறம் குனிந்துகொண்டான், கடைசி வரை நிமிரவே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் எந்தப் பாட்டைக் கேட்டுக் கத்தினீர்களோ, அதன் தொடக்கத்தில் சிந்தில் வருமே நாலு சுரம், அதே நாலு சுரம்தான் அந்த மூன்றாவது பாட்டில் கிட்டாரில் ஓடிக்கொண்டிருந்தது. முதுகைக் காட்டி நின்றதால் கேட்கவில்லை. ஒரே சுரத்தைக் கம்பியில் விடாமல் வேகமாகத் தட்டுவதை ட்ரெமலோ என்கிறார்களே, அது வெறும் இரைச்சல் இல்லை. நிமிடத்துக்கு 180 தாளம் போகிற வேகத்தில் ஒரு தாளத்துக்கு நாலு தட்டு என்றால் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தட்டு விழுகிறது. அந்த வேகத்தில் தட்டுகளைக் காதால் தனித்தனியாக எண்ண முடிவதில்லை, சுரம் நீளமாக இழைந்து நிற்கிறது. சிந்தில் விரலை அழுத்திப் பிடித்தால் வருமே, அதே இழை. 1995இல் ஸ்வீடனின் டிசெக்‌ஷன் என்கிற பிளாக் மெட்டல் பேண்ட் போட்ட இரண்டாவது ஆல்பத்தை ஹெட்போனில் ஒரு தடவை கேளுங்கள், இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று எப்படிப் பின்னிக்கொண்டு போகின்றன என்று தெரியும். பசங்க சாகவில்லை ஐயா, அதே சுரத்தை வேறு கம்பியில் வாசித்தார்கள்.

‘எலக்ட்ரானிக்குக்கும் பிளாக் மெட்டலுக்கும் என்ன சம்பந்தம்’ என்று கீழே கமெண்டில் வந்து கேட்பீர்கள் என்று தெரியும். நார்வேயின் பிளாக் மெட்டல் பேண்ட் மேஹெம் 1987இல் போட்ட டெத்கிரஷ் ரெக்கார்டு எப்படித் தொடங்குகிறது? கான்ராட் ஷ்னிட்ஸ்லர் கொடுத்த தாளத் துண்டோடு. அவர் ஜெர்மன் எலக்ட்ரானிக் இசையின் ஆரம்ப கால ஆள், டேஞ்சரின் ட்ரீமின் முதல் ஆல்பத்தில் இருந்தவர். இன்றைக்கு எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற அந்த இசையின் வாசற்படியிலேயே ஒரு எலக்ட்ரானிக் கலைஞர் உட்கார்ந்திருக்கிறார். சுவிட்சர்லாந்தின் சமயெல் பேண்ட் 1996இல் டிரம்ஸையே மிஷினுக்கு மாற்றியது. நார்வேயின் உல்வர் பேண்ட் 1997 வரை பிளாக் மெட்டல் வாசித்துவிட்டு 2000இல் முழுக்க எலக்ட்ரானிக்காகவே வந்து நின்றது. சனிக்கிழமை முதுகைக் காட்டியவர்களில் ஒருவர் உல்வர் டீ-ஷர்ட் போட்டிருந்தார். உல்வர்காரர்கள் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தால் மேதைகள், நம்ம பசங்க இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனால் பிணம். பாதை ஒன்றுதானே?

‘நார்வே குளிர் எங்கே, அல்சூர் எங்கே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டெக்னோ என்கிற எலக்ட்ரானிக் இசை அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து வந்தது, பசங்க அதை வாசித்தபோது யாரும் ஊர் கேட்கவில்லை. இந்த ஊரில் 1998இல் தொடங்கிய மெட்டல் பேண்ட் கிரிப்டோஸ் ஐரோப்பாவுக்குப் போய் வாசித்துவிட்டு வருகிறது. 2007இல் பேலஸ் கிரவுண்ட்ஸில் இங்கிலாந்தின் மெட்டல் பேண்ட் அயர்ன் மெய்டன் வந்தபோது அத்தனை பெரிய மைதானம் நிரம்பியது. மெட்டல் இந்த ஊருக்கு விருந்தாளி இல்லை.

‘காசுக்காக மாறிவிட்டார்கள்’ என்பதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது. பெங்களூர் பப்புகளில் சனிக்கிழமை ராத்திரி எலக்ட்ரானிக் வாசிக்கிறவர்களுக்குத்தான் வாய்ப்பு கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும். லேப்டாப்பும் இரண்டு சிந்தும் ஆட்டோவில் போய்விடும், இப்போது டிரம்ஸுக்கு டெம்போ வண்டி வைக்க வேண்டியிருக்கிறது. இருந்ததை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

பிளாக் மெட்டல் என்றாலே சர்ச் எரிப்பு, கொலை என்று பேச்சு வருமே, அதையும் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1992இல் நார்வேயின் பெர்கன் பக்கத்தில் ஃபான்டாஃப்ட் மரச் சர்ச் எரிந்தது, 1993இல் மேஹெமின் கிட்டார்காரரைக் கூட இருந்த ஆளே குத்திக் கொன்றார், மேலே சொன்ன டிசெக்‌ஷனின் தலைவரே கொலை வழக்கில் சிறைக்குப் போனவர். எனக்கும் அதெல்லாம் நெருடல்தான், மறைக்கவில்லை. ஆனால் மர்ஃபி டவுனில் மூன்றாவது மாடி அறையில் பிராக்டிஸ் பண்ணுகிற பசங்க தலையில் அதை ஏற்றாதீர்கள். அவர்கள் பாட்டு ஏரி வற்றுவதைப் பற்றியது, வரிகளைப் படித்தாவது பார்த்தீர்களா?

பழைய பாட்டை ஒரு தடவையாவது வாசித்திருக்கலாமே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அல்சூர் ஸ்டேஷனில் ஏறி ஆபீஸ் போகிறவரை அந்தப் பாட்டைத் தினம் கேட்ட ஆள் நான். நானும் காத்திருந்தேன்.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. அப்பா ஆர்கெஸ்ட்ராவில் டோலக் வாசித்தவர். கல்யாணம், கோவில் திருவிழா, சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் என்று இந்த ஊரில் அவர் வாசிக்காத பந்தல் கிடையாது. 1989இல் கடன் வாங்கி ஒரு பழைய ஆக்டோபேட் வாங்கினார், எட்டுக் கட்டம் போட்ட ரப்பர் பலகை, குச்சியால் தட்டினால் எலக்ட்ரானிக் தாளம் வரும். வந்த அன்றைக்கு ராத்திரி முழுக்க ஹெட்போன் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாராம், அம்மாவுக்கு ரப்பரில் குச்சி விழுகிற டொக் டொக் சத்தம் மட்டும் கேட்டதாம். கூட வாசித்த ஒருவர், அப்பாவுக்கு அண்ணன் மாதிரி, ‘தோலை விட்டுட்டு ரப்பரைத் தட்டப் போயிட்டான்’ என்று எல்லோரிடமும் சொன்னார். ஒரே தெருவில் இருந்துகொண்டு நாலு வருஷம் அப்பாவிடம் பேசவில்லை. எங்கள் வீட்டுக் காதுகுத்துக்குக்கூட வரவில்லை. அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார், ஆனால் அந்த ஆளின் வீட்டைத் தாண்டும்போது நடையை வேகமாக வைப்பார். சின்னப் பிள்ளையாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன், அதனால் தெரியும்.

அப்பா ரப்பரில் வாசித்ததும் அதே டோலக் நடைதான். அதையும் யாரும் கேட்கவில்லை.

போன ஆவணியில் அப்பா தவறியபோது போஸ்டர் அடிக்க நான்தான் கடைக்குப் போனேன். அதே கறுப்பு பார்டர், அதே குத்துவிளக்கு, கம்ப்யூட்டரில் ரெடியாக வைத்திருக்கிறார்கள். தோற்றம் தேதி சொன்னேன், மறைவு தேதி சொல்ல வாய் வரவில்லை, எழுதிக் காட்டினேன். எந்த போட்டோ என்று பையன் கேட்டான். என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் மடியில் டோலக், இன்னொன்றில் பேடுக்குப் பின்னால் நிற்கிறார். டோலக் படத்தையே போடு, அதுதான் லட்சணமாக இருக்கும் என்று சித்தப்பா சொன்னார். அம்மாவுக்குப் போன் பண்ணினேன். பேடு படம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அந்தப் படத்தில் வலது கை ஆடிப்போய் மங்கலாக இருக்கும், குச்சி தெரியாது. பையன் இதைச் சரிபண்ணவா என்றான், வேண்டாம் என்றேன்.

ஏரிக்கரைச் சுவரில் அப்பாவின் போஸ்டர் ஒன்று இன்னும் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. தம்பி, நீ செய்த படத்தை எடுத்துவிடு. அடுத்த மாதம் அவர்கள் மறுபடி வாசிக்கிறார்கள், நான் போகிறேன், நீயும் வா, பிடிக்காவிட்டால் என்னிடம் சொல், வெளியே டீக்கடையில் நின்று விடிய விடியச் சண்டை போடலாம். அந்தப் படத்தை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடு.