விநோதம் என்று எழுதாதீர்கள்

மாசி மகம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. அன்று எங்களைப் படம் பிடித்து ஒரு சேனல் போட்ட வீடியோவை இதுவரை பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன். இனி அனுப்ப வேண்டாம்.

அதன் தலைப்பு: 'மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்களின் விநோத வழிபாடு.'

என்ன விநோதம் கண்டார்கள்? குடும்பத்தோடு போய் ராத்திரி கடற்கரையில் தங்குகிறோம். சேலையைக் கட்டி மறைப்பு போட்டுக்கொள்கிறோம். விடியும் முன்னால் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் தேங்காயும் வைத்துக் கன்னியம்மாவைக் கும்பிடுகிறோம். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் என்று சிதறிக் கிடக்கிற சொந்தம் வருஷத்துக்கு ஒருமுறை முகம் பார்க்கிற நாள் அது. கல்யாணம் பேசுவோம், அங்கேயே தாலியும் கட்டுவோம். ஊர்க்கோயிலில் தீ மிதித்தால், அலகு குத்தினால் செய்தியில் அது 'பக்திப் பரவசம்'. நாங்கள் மணலில் தேங்காய் உடைத்தால் விநோதமா?

அதோடு, 'இந்த நவீன காலத்திலும் பாரம்பரியம் மாறாத மலைவாழ் மக்கள்' என்று ஒரு குரல். எங்கள் ஊரில் மலையே கிடையாது. ஏரிக்கரையில் குடியிருக்கிறோம்.

அந்த வீடியோவில் தாலி கட்டிக்கொள்கிறவள் என் சித்தப்பா மகள். நர்சிங் மூன்றாம் வருஷம். யாரும் அவள் பெயரைக் கேட்கவில்லை, 'இருளர் இனப் பெண்' என்று போட்டுவிட்டார்கள். வெளிச்சம் பத்தவில்லை என்று, "தம்பி, இன்னொரு தடவை கட்டுற மாதிரி காட்டுங்க" என்றார் கேமராக்காரர். மாப்பிள்ளையும் "சரிங்க சார்" என்று மறுபடி முடிச்சைப் பிடித்தான். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. பேண்ட் போட்டு வந்து யார் எதைச் சொன்னாலும் 'சரிங்க சார்' என்றே வளர்ந்தவர்கள் நாங்கள். வேறு எந்தக் கல்யாண வீட்டிலாவது போய் இப்படிச் சொல்ல முடியுமா அவரால்?

'அவங்க காட்டலைன்னா உங்களை யாருக்குத் தெரியும்?' என்று ஒரு நண்பர் கேட்டார். எப்படிக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள் நண்பரே. 'கொத்தடிமைகள் மீட்பு' என்று செய்தி வரும். கோட்டாட்சியர் பக்கத்தில் எங்கள் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், இடுப்பில் குழந்தையோடு. பெயர், வயது எல்லாம் இருக்கும். அடைத்து வைத்தவர் யார்? 'தனியார் அரிசி ஆலை.' 'தனியார் செங்கல் சூளை.' கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல். அப்படிப்பட்ட செய்தியை எத்தனையோ முறை படித்துவிட்டேன், ஆலைக்காரர் பெயரை மட்டும் தேடத்தான் வேண்டியிருக்கிறது. அடிமையாகக் கிடந்தவன் முகம் ஊருக்கே தெரிய வேண்டும், வைத்திருந்தவன் மானம் மட்டும் போகக் கூடாது.

நிருபர்களுக்கும் நெருக்கடி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நல்லபடி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். சரி.

2023ல் பாம்பு பிடிக்கிற எங்கள் ஆட்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடா வரைக்கும் கூப்பிட்டுப் போனார்கள் அவர்களை. வடநெம்மேலியில் எங்கள் ஆட்களின் கூட்டுறவுச் சங்கம் 1978லிருந்து நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து செய்கிறார்கள். பத்மஸ்ரீ பற்றி நான் பார்த்த செய்திகளில் எல்லாம் முதலில் சொன்னது, அந்த இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகாதவர்கள் என்பதைத்தான்.

'ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கோபமா?' என்பவர்களுக்கு. சாதிச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்தில் நின்றேன். எங்களுக்கு அது சுலபத்தில் கிடைக்காது. அங்கிருந்தவர் என் சட்டையைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார். "பார்த்தா இருளர் மாதிரி இல்லையே. எலி பிடிக்கத் தெரியுமா?" என்றார். என் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சூளையில் கல் அறுத்து என்னைப் படிக்க வைத்தவர். "எனக்குத் தெரியும் சார்" என்றார் அப்பா, மெதுவாக.

இருளர் என்றால் எப்படி இருப்பார் என்று அந்த அதிகாரிக்கு யார் காட்டியது? எங்கள் தெருவுக்கு அவர் வந்ததே இல்லை. வீட்டில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

தலைப்பை மாற்றுங்கள், அவள் பெயரைப் போடுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்று அந்த சேனலுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. கல்லூரியில் அவளிடம், "உங்க வீட்ல பாம்பு இருக்கா?" என்று கேட்கிறார்களாம். நேற்று போனில் சொல்லிவிட்டு அழுதாள்.