வேண்டாம் என்று சொல்கிறவரும் ரசிகர்தான், தம்பி

இங்கே மலேசியாவில், நம் பெஸ்தாரி ஜெயா தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில், 2006ல் வந்த வடிவேலுவின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' படத்தை ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டியபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீட்டிலும் "சின்னப் பையன், விடு" என்றார்கள். ஆனால் அங்கே நீங்கள் எடுத்த காணொளி குரூப் குரூப்பாகச் சுற்றி இன்று காலை எனக்கே வந்து சேர்ந்த பிறகு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, "ரெண்டாம் பாகம் வேணாம்னு கை தூக்குறவங்க எல்லாம் இன்னும் 2006லயே நிக்கிற தோட்டத்து ஆளுங்க" என்று சொன்னீர்களே தம்பி, இந்தப் பதிவு அதற்குத்தான்.

ஆமாம், கை தூக்கியவர்களில் நானும் ஒரு ஆள். புலிகேசிக்கு இரண்டாம் பாகம் வேண்டாம். படம் பிடிக்காமல் சொல்லவில்லை, உயிராகப் பிடித்ததால் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்கிறவரும் ரசிகர்தான். இதை மண்டபத்திலேயே சொல்லியிருப்பேன், அதற்குள் மைக் பாட்டுப் போட்டிக்குப் போய்விட்டது.

"ரெண்டாம் பாகம் எடுக்க எவனுக்கும் தைரியம் வரல" என்று பேசினீர்கள். தைரியம் வந்தது தம்பி. 2017ல் 'இம்சை அரசன் 24ஆம் புலிகேசி' என்று பெயர் வைத்து, அதே இயக்குநர் சிம்புதேவன், தயாரிப்புக்கு அதே ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ், அதே வடிவேலு என்று வேலையை ஆரம்பித்தார்கள். செட் எல்லாம் போட்டார்கள். பாதியில் நின்றது. பஞ்சாயத்து தயாரிப்பாளர் சங்கம் வரைக்கும் போய், வடிவேலுவுக்குப் புதுப் படமே இல்லை என்கிற நிலை வந்து, 2021 ஆகஸ்டில்தான் எல்லாம் தீர்ந்தது. யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு இரண்டாம் பாகத்துக்காக நல்லா ஓடிக்கொண்டிருந்த ஒரு கலைஞனைப் பல வருஷம் திரையில் பார்க்க முடியாமல் போனது. அந்த விலையைக் கொடுத்தது நாங்கள்தான், ரசிகர்கள். இன்னொரு தடவை கொடு என்றால் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?

அதற்கு முன்பே இரண்டாம் பாகம் மாதிரி ஒன்று வந்தும் போய்விட்டது. 2014ல் தெனாலிராமன். மறுபடியும் ராஜா உடுப்பு, மறுபடியும் இரட்டை வேடம், மறுபடியும் வெளிநாட்டு வியாபாரிகள் நாட்டுக்குள் நுழைகிற கதை. நல்ல மனசோடு எடுத்த படம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு வரியைச் சொல்லுங்கள் என்றால் மண்டபத்தில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? புலிகேசி என்றால் பிஞ்சுப் பிள்ளைகூட மங்குனி அமைச்சர் என்று ஆரம்பிக்கிறது. பிறகு 2022 கடைசியில் நாய் சேகர் ரிட்டர்ன்ஸ். 2006ல் வந்த தலைநகரம் படத்தில் ஒரு பாத்திரம், அதைப் பதினாறு வருஷம் கழித்து அதே சுராஜ் இயக்கத்தில் தனிப் படமாக்கினார்கள். முதல் வாரமே நாங்கள் காடி (கார்) போட்டுக்கொண்டு ரவாங் டவுன் தியேட்டருக்குப் போனோம். குடும்பத்தோடு போனோம். திரும்பி வரும்போது காடியில் யாரும் பேசவில்லை. என் தங்கச்சி மகன் மட்டும், "மாமா பழைய சேகரைப் போனில போடுங்க" என்றான். அவனுக்கு அப்போது பத்து வயசு இருக்கும். அவன் எந்த 2006ல் நிற்கிறான் தம்பி?

2006லேயே நிற்கிறவர்கள் என்றால், 2023ல் மாமன்னன் வந்தபோது நாங்கள் ஏன் போனோம்? அதில் ஒரு காட்சியில்கூட அவர் நம்மைச் சிரிக்க வைக்கவில்லை. மலைமேல் தனியாக உட்கார்ந்து அழுகிற அந்த வடிவேலுவைப் பார்த்து எனக்குப் பக்கத்தில் இருந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டின ஆள்தான். புதுசாக எதைக் கொடுத்தாலும் பார்க்கத் தயாராகத்தான் இருக்கிறோம். பழசையே கலர் மாற்றிக் கொடுக்காதே என்கிறோம். அவ்வளவுதான் எங்கள் கோரிக்கை.

அடுத்து ஏஐ. "மனோரமா, நாகேஷ் எல்லாரையும் ஏஐல கொண்டு வரலாம், விஜயகாந்தையே கொண்டு வந்துட்டாங்க" என்றீர்கள். விஜய்யின் 'கோட்' படத்தில் கொண்டு வந்தார்கள், சரி. ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டிக் கை தட்டு வாங்குவது வேறு, நகைச்சுவை வேறு. நாகேஷ் 2009ல் போய்ச் சேர்ந்தார், ஆச்சி 2015ல். புலிகேசியில் ராஜமாதாவாக ஆச்சி நிற்கிற இடங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வடிவேலு உளறுகிறார், ஆச்சி அவரைப் பார்க்கிறார். பெற்ற பாசமும் வெட்கக்கேடும் ஒரே பார்வையில் வருகிறது. அந்தப் பார்வை இருப்பதால்தான் அவர் உளறுவதற்கு நமக்குச் சிரிப்பு வருகிறது. எதிரே நிற்கிற ஆள் எந்த நொடியில் பேசுவார், எந்த நொடியில் மூச்சு விடுவார் என்று பார்த்துப் பதில் கொடுக்கிற வித்தை அது. நாடக மேடையில் வளர்ந்தவர்களின் வித்தை. இளவரசு, நாசர் எல்லாரும் அப்படி ஒருவருக்கொருவர் இடம் விட்டு விளையாடியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் முகம் வரும், அந்த விளையாட்டு எங்கிருந்து வரும்?

நம் பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக்சிக்கு, மலாய் நடிகர், இயக்குநர் பி. ரம்லி என்றால் உயிர். மூன்று நண்பர்களின் கூத்தான புஜாங் லாப்போக் படங்கள் நாலை 1957லிருந்து 1961 வரைக்கும் எடுத்தார்கள். இன்றைக்கும் ஹரி ராயா பெருநாளுக்கு டிவியில் போட்டால் அவர் வீட்டுச் சிரிப்பு எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். ரம்லி 1973ல் இறந்துவிட்டார். 1986ல், பழைய மூவரில் ஒருவரான அசீஸ் சத்தாரே இயக்கி, புஜாங் லாப்போக் திரும்பி வந்தார்கள் என்று ஒரு படம் வந்தது. பாக்சியிடம் கேட்டேன். "அது அவங்க ஆசைக்கு எடுத்தது, நான் பார்க்கிறது ரம்லி இருக்கிற நாலுதான்" என்றார். அவரையும் தோட்டத்து ஆள் என்பீர்களா?

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். "கீழ விழுந்தா சிரிக்கிறது, அடி வாங்குனா சிரிக்கிறது, இவங்களுக்கு அது போதும்" என்று ஒரு வார்த்தை விட்டீர்கள். அது என் பாட்டியைப் பற்றிய வார்த்தை.

புலிகேசி வந்த வருஷம் நாங்கள் இன்னும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில்தான் இருந்தோம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், கடிதம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். பால் மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து வெகு காலம் ஆகியிருந்தது, வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்துவிட்டார்கள். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலமும் முடிந்துபோனது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பா சிடி வாங்கி வந்தார். எங்கள் வீட்டில்தான் பெரிய டிவி, அதனால் லயமே வந்து உட்கார்ந்தது. பாட்டி கதவோரம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். ராஜா வழுக்கி விழுகிற இடத்தில் எல்லாம் நாங்கள் பிள்ளைகள் உருண்டு சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை. குடிமக்களிடம் அவ்வளவு வீரம் பேசுகிற ராஜா வெள்ளைக்காரன் முன்னால் ஒடுங்கி நிற்கிறார் பாருங்கள், அங்கேதான் பாட்டிக்குச் சிரிப்பு வந்தது. அடங்கவே இல்லை. எழுந்து நின்று, சாப்பிட்டு முடித்த மங்குத் தட்டை இரண்டு கையாலும் தொப்பி மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அம்மாவைப் பார்த்து, "துரை காடி வந்தா நம்ம பெரிய கிராணி இப்படித்தான் நிப்பாரு, பாத்தியா" என்றார். பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போது எங்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசுகிற அதே மனுஷன், துரையைக் கண்டால் அப்படி நிற்பாராம். லயமே குலுங்கிச் சிரித்தது. வயசானவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எப்படி நிற்பார், கங்காணி எப்படி நிற்பார் என்று நின்று காட்டினார்கள். படம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கொஞ்ச நேரம் யாரும் பார்க்கவில்லை.

கீழே விழுவதற்கா சிரித்தார்கள்? வாழ்நாள் முழுக்கத் தங்களை மிரட்டியவன் உள்ளுக்குள் எவ்வளவு பயந்தவன் என்று கண்டுபிடித்துச் சிரித்தார்கள். ஊருக்குத் தண்ணீருக்கு வழியில்லை, ராஜா அந்நியனின் பானத்துக்கு விளம்பரம் பார்க்கிறார் என்று அந்தப் படம் காட்டியதே, ஜாதிச் சண்டை போட ஒரு மைதானமே திறந்து வைத்தாரே, அதெல்லாம் கார்ட்டூன் போட்டுப் பழகிய சிம்புதேவனின் கை செய்த வேலை. இரண்டாம் பாகம் என்று பேசுகிறவர்கள் அந்த மீசையைப் பற்றிப் பேசுகிறார்கள், கிரீடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். யாரை எதிர்த்துச் சிரிக்கப் போகிறோம் என்று ஒருவரும் பேசக் காணோம். நீங்களும் பேசவில்லை தம்பி. மீசையை மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் என் பாட்டியின் சிரிப்பு அதில் இருக்காது.

"இஷ்டம் இல்லாட்டி பாக்காதீங்க, மத்தவங்களைத் தடுக்காதீங்க" என்று கீழே வந்து எழுதுவீர்கள், தெரியும். யாரைத் தடுத்தோம்? நீங்கள்தான் கருத்துக் கேட்டீர்கள். வேண்டும் என்கிறவர் கை தூக்குங்கள், வேண்டாம் என்கிறவர் கை தூக்குங்கள் என்று கேட்டுவிட்டு, தூக்கிய கையைப் பார்த்துச் சிரித்தால் எதற்குக் கேட்டீர்கள்?

"காஞ்சனா வரிசையா வருது, அரண்மனை நாலு வந்துடுச்சு, அதுக்கெல்லாம் போறீங்களே" என்பார்கள். போகிறோம். அது ஒவ்வொரு தடவையும் புதுப் பேய், புது வீடு.

"இப்ப உள்ள பிள்ளைகளுக்கும் வேணுமே" என்று எங்கள் ஆசிரியை ஒருவர் மரியாதையாகக் கேட்டார். அவருக்கு என் பதில்: ஞாயிற்றுக்கிழமை முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தீர்களா டீச்சர்? ஓவியர் படம் வரைகிற காட்சியில் ஒரு பிள்ளை சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பழைய படமே அவர்களுக்குப் புதுப் படம்தான். அதைப் போட்டுக் காட்டினாலே போதும்.

வடிவேலு மேல் எனக்கு ஏதோ கோபம் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவரைத் திட்டுகிற பதிவு ஒன்று என் பக்கத்தில் காட்டுங்கள். அவர் இல்லாத அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுக் குழந்தை அழுதாலும், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதும், போனில் ஓடியது அவர்தான். அப்பா கடைசியாகச் சிரித்தது அவரைப் பார்த்துத்தான். அதனால்தான் சொல்கிறேன், அவர் பெயரை ஒரு சுமாரான படம் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

தோட்டத்து ஆளுங்க. அந்த வார்த்தை எனக்கு வசவு இல்லை, நான் தோட்டத்தில் பிறந்த ஆள்தான், ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளை காப்பகத்தில்) வளர்ந்த ஆள்தான். லயத்தை இடித்து நாங்கள் இந்தத் தாமானுக்கு வந்தபோதும் அந்தப் பெயரை விட்டுவிட்டு வரவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன விதம் இருக்கிறதே, அது வசவு. கோலாலம்பூரிலிருந்து வந்து, எங்கள் பெண்கள் காலையிலிருந்து சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் மைக்கிலேயே சொன்னது. பெஸ்தாரி ஜெயாவில் ஆட்களுக்கு யோசிக்கத் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் தாத்தாவும் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்துதான் போயிருப்பார்.

காணொளி விஷயத்துக்கு வருகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை வாய்விட்டுச் சிரிப்பதைக் கிட்டத்தில் எடுத்து, பல் இல்லாத வாயை நிறுத்தி நிறுத்திக் காட்டி, கீழே சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். அவர் முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். அவரிடம் கேட்டு எடுக்கவில்லை, அவர் மகனிடமும் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் கோயில் வாசலில் பார்த்தேன், "என்னைப் போட்டுச் சிரிக்கிறாங்களாமே" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் பகுதியை இன்றைக்கே வெட்டி எடுங்கள் தம்பி. நீங்கள் பேசிய பகுதி இருக்கட்டும், அதை நான் எடுக்கச் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள் அவர் முகம் இருக்கிற காணொளியை இனிமேல் யாருக்கும் அனுப்பாதீர்கள். இளைஞர் மன்றத்துக்காரர்களும் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். இரண்டாம் பாகத்தைப் பற்றிச் சண்டை போட வேண்டும் என்றால் கீழே கமெண்டில் வாருங்கள், இரவு எட்டு மணிக்கு மேல் நான் இருப்பேன்.